பெரிய நிறுவனத்தில் பயிலுநர்: கையோடு காகிதமும்

பல்லேபொலயில் சாதாரண தரமோ உயர்தரமோ முடித்த பிள்ளைக்கு இயந்திர வேலையில் நாட்டம் இருந்தால், வீட்டில் இரண்டு யோசனைகள் எழும். ஒன்று, மாத்தளையிலோ கலேவெலவிலோ தெரிந்த ஒருவரின் கராஜில் கொண்டுபோய் விடுவது. மற்றது, கொழும்புப் பக்கம் ஏதாவது பெரிய நிறுவனத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ப்பது. முதலாவதில் பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரலாம். சில மாதங்களில் கையில் கொஞ்சம் காசும் பார்க்கலாம். இரண்டாவதில் போர்டிங் செலவு, குறைந்த கொடுப்பனவு, வருடக்கணக்கான காத்திருப்பு, முடிவில் வேலை கிடைக்குமா என்ற சந்தேகம். செலவையும் வரவையும் மட்டும் எழுதிப் பார்த்தால் கராஜ்தான் வெல்லும். அப்படியிருந்தும், பெரிய நிறுவனத்தில் பயிலுநர் இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே இந்த அத்தியாயம் சொல்கிறது. நிறுவனத்தின் பெயருக்காகவோ சீருடைக்காகவோ இதைச் சொல்லவில்லை. ஸ்பெனர் பிடிக்கக் கராஜிலும் பழகலாம். சிலவேளை அங்கே விரைவாகவே பழகலாம். அளந்து செய்வது, செய்ததை எழுதிவைப்பது, அனுமதி பெற்றுத் தொடங்குவது, பாதியில் நிற்கும் வேலையை அடுத்த ஆளிடம் சரியாக ஒப்படைப்பது ஆகிய ஒழுங்குமுறை பெரிய நிறுவனத்தில்தான் முழுதாக இருக்கிறது. அந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டு வெளியே வருபவருக்கு அந்த வருடங்கள் பயன் தரும். அதைக் காகித வேலை என்று ஒதுக்கியவர் கராஜுக்கே போயிருக்கலாம்.

முதலில் சட்ட அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இலங்கையில் பயிலுநர் பயிற்சிக்கென 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டத்தின் கீழ் இன்றுள்ள தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை அமைந்தது. ஊரில் எல்லோரும் நைட்டா என்றே சொல்வார்கள். பிட்டர், வெல்டர், மின்னியலாளர் போன்ற தொழில்களுக்குப் பயிலுநர்களை நிறுவனங்களில் சேர்ப்பதும், பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களின் கைத்தொழிற் பயிற்சியை ஒழுங்குசெய்வதும் அதன் வேலைகள். பயிற்சியின் பெறுமதி தேசிய தொழிற்தகைமை என்ற ஏழு மட்ட ஏணியில் அளக்கப்படுகிறது. நாம் பேசும் என்.வி.கியூ இதுதான். நான்காம் மட்டம் வரை கைவினைத் தேர்ச்சி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கல்வி அமைச்சு 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கிய பிறகு, பாடசாலையிலேயே பொறியியல் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளும் இந்த ஏணியில் ஏற வருகிறார்கள்.

பல்லேபொலப் பிரதேசத்தில் விவசாயம்தான் முதன்மை. ஆனால் பெரிய பொறியியல் நமக்குத் தொலைவில் இல்லை. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியாக வந்து உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளை 1976 முதல் சுழற்றிக்கொண்டிருக்கிறது. அதே நீர் பின்பு போவத்தென்னயிலும் மின்சாரமாகிறது. மொறகஹகந்தவில் 25 மெகாவாற் நிலையம் இருக்கிறது. இந்த மூன்று மின்நிலையங்களும் மாத்தளை மாவட்டத்துக்குள்தான். இத்தகைய இடங்களில் பயிற்சி பெற விரும்புபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கை மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வழிசெய்திருக்கிறது. ஆகவே யாருக்கு விண்ணப்பிப்பது என்பதைப் பழைய விளம்பரத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். மற்றபடி பயிலுநர் இடங்கள் அதிகம் இருப்பது மேற்குக் கரையோரத்தில்: கொழும்புத் துறைமுகத்துக்குள் இருக்கும் கொழும்பு டொக்யார்ட், இரத்மலானை ரயில்வே வேலைத்தளம், கட்டுநாயக்க, பியகம வலயங்களின் தொழிற்சாலைகள். மாத்தளையோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. பயிலுநர் வாழ்க்கை பெரும்பாலும் அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ ஏறுவதில்தான் தொடங்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு நீர்ப்பம்பின் பெயாரிங் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கராஜில் பழையதைத் தட்டிக் கழற்றுவார்கள், கடையில் அதே இலக்கத்தில் ஒன்றை வாங்குவார்கள், குழாய்த் துண்டை வைத்துத் தட்டி ஏற்றுவார்கள். பம்ப் ஓடும், வாடிக்கையாளர் காசு கொடுப்பார். ஒழுங்காக நடக்கும் பெரிய தொழிற்சாலையில் இதே வேலை வேறு விதமாக நடக்கும். நிறுத்துவதற்கு முன்பே அதிர்வை அளந்து எழுதியிருப்பார்கள். கழற்றிய பெயாரிங்கை எறியாமல் அதன் வளையங்களில் தேய்வு எந்தப் பக்கம், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஷாஃப்டை மைக்றோமீற்றரால் பல இடங்களில் அளப்பார்கள். புதிய பெயாரிங்கை மின்தூண்டல் சூடாக்கியில் 110 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி, விரிந்த நிலையில் சறுக்கி ஏற்றுவார்கள். 125 பாகையைத் தாண்டவிடமாட்டார்கள், தாண்டினால் உருக்கின் தன்மை மாறும். பிறகு மோட்டாரும் பம்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துப் பதிவுசெய்வார்கள். கராஜ் எதை மாற்றுவது என்று கேட்கிறது. தொழிற்சாலை ஏன் போனது என்றும் கேட்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் பத்து வருடம் கழித்து மேற்பார்வையாளர் நாற்காலி கிடைக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் பழைய அளவுகள் எழுதிவைக்கப்பட்டிருக்கும் இடத்தில்தான் வளரும். ஒப்பிட்டுப் பார்க்க எண் இல்லாத இடத்தில் அனுபவசாலியின் ஊகம் மட்டுமே மிஞ்சும்.

அளவு என்ற சொல்லுக்கே அங்கே பொருள் வேறு. 50 மில்லிமீற்றர் துளை என்று சொன்னால் கராஜில் வேர்னியரில் 50 காட்டினால் போதும். வரைபடத்தில் எச்7 என்று எழுதியிருந்தால் அந்தத் துளை 50.000க்கும் 50.025க்கும் இடையில் இருக்க வேண்டும். அதில் பொருந்தும் ஷாஃப்ட் எச்6 என்றால் 49.984க்கும் 50.000க்கும் இடையில். வரைபடத்தில் துளைக்குப் பெரிய எழுத்தும் ஷாஃப்டுக்குச் சிறிய எழுத்தும் போட்டிருக்கும். இதைக் கவனிக்காத பயிலுநர் முதல் மாதத்திலேயே ஒரு துண்டு உருக்கை வீணாக்குவார். இந்த ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு பகட்டுக்காக வைத்ததல்ல. ஒரு நாட்டில் கடைந்த ஷாஃப்ட் இன்னொரு நாட்டில் செய்த பெயாரிங்கில் அரம் போடாமல் பொருந்துவது இதனால்தான். கப்பல் கட்டுமிடத்தில் இது இன்னும் கடுமையாக இருக்கும். 1974இல் தொடங்கிய கொழும்பு டொக்யார்டில் நான்கு உலர்துறைகள் உண்டு. பெரியதில் 125,000 தொன் வரையான கப்பலை ஏற்றலாம். கடலடிக் கம்பி பதிக்கும் கப்பலொன்றை அங்கே கட்டி 2019இல் ஜப்பானுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கப்பல் வெல்டிங்கில் ஒவ்வொரு வெல்டரும் எந்த உலோகத்தில், எந்த முறையில், எந்த நிலையில் ஒட்டலாம் என்று தனித்தனியாகச் சோதிக்கப்படுகிறார். நிலத்தில் கிடக்கும் தகட்டை ஒட்டத் தேறியவர் தலைக்கு மேல் ஒட்ட முடியாது. அதற்கு வேறு சோதனை. முக்கியமான ஒட்டை யார் போட்டார் என்பது பதிவில் இருக்கும். கப்பல் வகைப்படுத்தும் சங்கத்தின் பரிசோதகர் வந்து கேட்டால் காட்ட வேண்டும். வெல்டிங் நன்றாக இருப்பதோடு, நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்கவும் முடிய வேண்டும்.

இதெல்லாம் பெரிய முதலாளிமார் தங்கள் தலையைக் காப்பாற்ற எழுதும் தாள்கள்தானே என்று பலர் சொல்வார்கள். பகுதியளவில் உண்மை. வெறும் கையெழுத்துக்காக நிரப்பப்படும் படிவங்கள் எல்லா நிறுவனங்களிலும் உண்டு. அவற்றை இனங்காணவும் நீங்கள் பழகிக்கொள்வீர்கள். ஆனால் ஒரு தாள் கைமாறாததால் என்ன நடக்கும் என்பதற்கு வடகடலில் இருந்த பைப்பர் அல்பா எண்ணெய் மேடை சாட்சி. 1988 ஜூலை 6 அன்று அங்கே ஒரு பம்பின் பாதுகாப்பு வோல்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். வேலை முடியவில்லை. ஷிப்ட் மாறியபோது அந்த விவரம் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றப் பம்ப் நின்றதும் இரவு ஆட்கள் வோல்வ் இல்லாத பம்பை ஓடவிட்டார்கள். கசிந்த வாயு வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். வேலை அனுமதிப் பத்திரமும் ஷிப்ட் ஒப்படைப்பும் சீர்குலைந்திருந்ததை விசாரணை விரிவாகக் காட்டியது. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2020 ஆகஸ்ட் 17 அன்று இலங்கை முழுவதும் பல மணித்தியாலம் இருண்டதற்கு, கெரவலப்பிட்டிய உபமின்நிலையத்தில் பராமரிப்பு வேளையில் ஒழுங்குமுறை தவறியதே காரணம் என்று விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. ஒரு நிலையத்தில் ஒரு படிமுறை தவறினால் பல்லேபொலயில் அரிசி ஆலையும் நிற்கும். பெரிய அமைப்பில் உங்கள் கைத்தவறு உங்களோடு முடிவதில்லை. அதனால்தான் அங்கே மின்சாரத்தைத் துண்டித்து உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை தொடங்கச் சொல்கிறார்கள். யாராவது அவசரமென்று சாவியைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்பவர் பெரிய சேராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

இன்னொரு ஆட்சேபம் மிகப் பழையது. அதைச் சொன்னவர் அடம் ஸ்மித். இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் பழக ஏழு வருடம் என்று கட்டாயப்படுத்தியிருந்தது. 1776இல் வெளியான தன் பொருளியல் நூலில் ஸ்மித் இதைத் தாக்கினார்: கடிகாரம் செய்வது போன்ற நுண்ணிய தொழிலைக்கூடச் சில வாரங்களில் விளக்கிவிடலாம், கைத்திறன் பிறகு பழக்கத்தில் வரும், ஆரம்பத்திலிருந்தே செய்த வேலைக்கேற்பக் கூலி கொடுத்தால் இளைஞன் இன்னும் ஊக்கமாக உழைப்பான். கராஜுக்கு ஆதரவாக இதைவிடச் சிறந்த வாதம் கிடையாது. கையின் அசைவைப் பற்றி ஸ்மித் சொன்னதை நான் மறுக்கவில்லை. லேத்தில் ஒரு ஷாஃப்டைக் கடையக் கற்றுக்கொள்ள வருடங்கள் தேவையில்லை. ஆனால் ஒரு தொழிற்சாலை வருடத்துக்கு ஒருமுறை நிறுத்தப்பட்டு முழுதாகத் திறக்கப்படுவதை ஒருமுறையாவது பார்க்க ஒரு வருடம் வேண்டும். போன வருடம் மாற்றிய பாகம் இந்த வருடம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க இரண்டு வருடம் வேண்டும். மழைக்காலத்துப் பழுதும் வரட்சிக்காலத்துப் பழுதும் வேறு வேறு என்று நீர்மின் நிலையத்தில் பழகியவருக்குத் தெரியும். வேலையின் காலச்சுழற்சியை எந்தப் பாடமும் சுருக்கித் தர முடியாது. ஆகவே பயிற்சி நீளமாக இருப்பதே குறையாகாது. அந்த நீளத்தில் புதிது புதிதாக ஏதாவது நடக்கிறதா என்பதே கேள்வி.

அங்கேதான் மூன்றாவது ஆட்சேபம் காத்திருக்கிறது, அதுதான் மிக வலியது. பயிலுநர் என்பது மலிவான கூலியாளுக்குச் சட்டம் கொடுத்த இன்னொரு பெயர் என்கிறார்கள். பல இடங்களில் இது அப்படியே உண்மை. ஒரே இயந்திரத்தின் முன் ஒரே பொத்தானை வருடம் முழுதும் அழுத்தவைக்கப்படும் பயிலுநர் எதையும் பயிலவில்லை. பெரிய நிறுவனத்தில் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் அங்கே வேலை துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கராஜில் பையன் எல்லாவற்றையும் தொடுவான். தொழிற்சாலையில் உங்களை ஒரு மூலையில் மறந்துவிடக்கூடும். இதற்கு மருந்து, சேரும் முன்பே கேட்பது. எழுத்தில் பயிற்சித் திட்டம் இருக்கிறதா, எந்தப் பிரிவில் எத்தனை மாதம், பயிற்சிக்கென்று பொறுப்பதிகாரி இருக்கிறாரா, போன தொகுதிப் பயிலுநர்கள் எந்த மட்டச் சான்றிதழோடு வெளியே போனார்கள்? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் அந்த இடம் பயிற்சி தருமிடம். நிறுவனத்தின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், சிரித்து மழுப்பினால் யோசியுங்கள். சேர்ந்த பிறகு ஒரே பிரிவில் திட்டத்துக்கு மேல் நிறுத்திவைத்தால், சண்டை போடாமல், திட்டத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும். எழுதிக் கேட்டதற்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும். காகிதம் நிறுவனத்துக்கு மட்டும் உதவுவதில்லை என்பது அப்போது தெரியும்.

உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய காகிதம் பயிற்சி டயரி. பெரும்பாலான பயிலுநர்கள் அதை மாதக் கடைசியில் ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதி நிரப்புகிறார்கள். ‘பம்ப் திருத்தினோம்’ என்று எழுதப்பட்ட டயரி யாருக்கும் எதையும் சொல்லாது. எந்தப் பம்ப், என்ன அறிகுறி, திறந்தபோது என்ன கண்டீர்கள், என்ன அளவு வந்தது, வரைபடம் சொன்ன அளவு என்ன, எதை மாற்றினீர்கள், ஓடவிட்ட பிறகு அதிர்வு எவ்வளவு என்று அன்றைக்கே எழுத வேண்டும். அதைவிட முக்கியமானது, நீங்கள் உங்கள் கையால் செய்ததையும் பக்கத்தில் நின்று பார்த்ததையும் வேறாகப் பிரித்து எழுதுவது. நேர்முகத்தில் அனுபவமுள்ள பொறியியலாளர் முதல் ஐந்து நிமிடத்திலேயே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார். பார்த்ததைச் செய்ததாகச் சொன்னவர் அங்கேயே விழுந்துவிடுவார். பார்த்தேன், செய்யவில்லை, ஆனால் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்வேன் என்பவர் எழுந்து நிற்பார். ஒரு சிறு படத்தைக் கையால் வரையுங்கள். போனில் படமெடுத்து ஒட்டுவது இலகு, ஆனால் பல நிறுவனங்களில் அது தடை. வரைபடங்களை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோவது பயிற்சியையே முடித்துவிடும். தவிர, கையால் வரைந்தவருக்குத்தான் எந்தப் போல்ட் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது நினைவில் நிற்கும்.

வேலை உறுதியில்லையே என்ற கவலைக்குப் பூசி மெழுகாமல் பதில் சொல்ல வேண்டும். ஆம், உறுதியில்லை. இந்தியாவின் 1961ஆம் ஆண்டுப் பயிலுநர் சட்டம், பயிலுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்லர் என்று சொல்கிறது; பயிற்சி முடிந்தவருக்கு வேலை கொடுக்க நிறுவனம் கட்டுப்பட்டதல்ல என்றும் 2014இல் திருத்தப்படும்வரை அதில் இருந்தது. அங்கே ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்கள் 2018 மார்ச் 20 அன்று மும்பையில் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையில் தண்டவாளத்தில் உட்கார்ந்து காலை நேர ரயில்களை நிறுத்தினார்கள். பயிலுநர்களுக்கு ஒதுக்கிய 20 சதவீத இடங்கள் போதாது என்பது அவர்களின் குறை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரே ஒரு நிறுவனம் மட்டுமே மதிக்கும் பயிற்சி உங்களை அந்த நிறுவனத்தின் வாசலிலேயே உட்காரவைக்கும். ஜேர்மனி இதற்கு வேறொரு வழி கண்டது. அங்கே பயிலுநர் வாரத்தின் சில நாட்கள் நிறுவனத்திலும் சில நாட்கள் தொழிற்பாடசாலையிலும் இருக்கிறார். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இறுதிப் பரீட்சையை நடத்துவது நிறுவனம் அல்ல; வர்த்தக, கைத்தொழில் சம்மேளனங்களின் பரீட்சைக் குழு. முதலாளி தரப்பு, தொழிலாளர் தரப்பு, ஆசிரியர் எல்லோரும் அதில் உண்டு. அந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். அந்த மரபின் சாயல் நம் நாட்டிலும் இருக்கிறது: மொரட்டுவையில் இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம், 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம். நம் என்.வி.கியூ மதிப்பீட்டையும் நிறுவனத்துக்கு வெளியிலுள்ள பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்தான் செய்ய வேண்டும். ஆகவே நிறுவனம் தரும் அழகான சட்டம் போட்ட சான்றிதழோடு திருப்திப்படாதீர்கள். பயிற்சிக்குள்ளேயே என்.வி.கியூ மதிப்பீட்டுக்குப் பதிவுசெய்யப்படுவீர்களா என்று கேளுங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவருக்கு இது இன்னும் அவசியம்.

இங்கே கராஜ் பக்கத்தார் ஒரு நல்ல கேள்வி கேட்கலாம்: முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் கராஜில் பழகியவனும் அதே என்.வி.கியூவைப் பெறலாமே, பிறகு எதற்குக் கொழும்பு? பெறலாம், பெறவும் வேண்டும். வீட்டில் உழைக்க ஒருவர் மட்டும் இருக்கும் குடும்பத்துக்கு, நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு, அதுதான் சரியான வழி. ஊரை விட்டுப் போகாதது தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். சான்றிதழ் ஒன்றுதான். ஆனால் அனுமதிப் பத்திரம், அளவுப் பதிவு, ஷிப்ட் ஒப்படைப்பு ஆகியவற்றோடு வேலை செய்த பழக்கம் சான்றிதழில் அச்சாகி வருவதில்லை. கராஜை நடத்துபவர் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு வேலைத்தாளும் அளவுக் குறிப்பும் வைத்திருந்தால் என் வாதம் பாதி பலமிழக்கும். அப்படியொரு பாஸ் பக்கத்தில் இருந்தால் அவரிடமே சேருங்கள்.

தமிழ் மொழிமூலம் படித்தவருக்குப் பெரிய நிறுவனத்தில் உள்ள உண்மையான சுவர் மொழி. பயிற்சிக் கட்டுரைகள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வேலைத்தளத்தில் பேச்சு சிங்களம், கையேடும் அனுமதிப் பத்திரமும் ஆங்கிலம், உங்கள் சிந்தனை தமிழ். பல்லேபொலப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சந்தையிலும் பஸ்ஸிலும் பழகிய சிங்களம் இருப்பதால் பேச்சு விரைவில் வசப்படும். ஆனால் எழுத்தறிவு பேச்சைப் போல் தானாக வராது. முதல் மூன்று மாதத்துக்குள் சிங்கள அறிவித்தல் பலகைகளை வாசிக்கப் பழகிவிடுங்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஷாஃப்ட், வோல்வ், கியர், கப்ளிங் எல்லாம் மூன்று மொழிக்காரர் வாயிலும் ஒன்றுதான். ஆளைக் கொல்வது வினைச்சொற்கள். ஐசொலேட், ஏர்த், ட்ரெயின், வென்ட் ஆகியவற்றில் எது எதற்கு முன் வர வேண்டும் என்று குழம்பினால் விபத்து. நீர்வோல்வை ‘குளோஸ்’ செய்தால் ஓட்டம் நிற்கும். மின் பிரேக்கரை ‘குளோஸ்’ செய்தால் ஓட்டம் தொடங்கும். சுமார் ஐம்பது வினைச்சொற்களை ஒரு சிறு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதுங்கள். போர்மன் ஒரு கட்டளை சொன்னால் ‘சரி சேர்’ என்று தலையாட்டாமல், கேட்டதைத் திரும்பச் சொல்லுங்கள். புரியாததை மறைப்பது மரியாதை ஆகாது. அரச நிறுவனங்களோடும் நைட்டாவோடும் தமிழில் எழுத்துத் தொடர்பு வைத்துக்கொள்ள அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. விண்ணப்பம், மதிப்பீடு இரண்டுக்கும் அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். ஆனால் வேலைத்தளத்தில் உயிரைக் காப்பது உரிமையைவிட முதலில் அந்த ஐம்பது வினைச்சொற்கள்தான்.

பணம் பற்றிச் சுருக்கமாக. கொடுப்பனவு போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் போதாமல் போகலாம். முதல் ஆறு மாதத்துக்கு வீட்டிலிருந்து எவ்வளவு அனுப்ப முடியும் என்று பெற்றோரோடு உட்கார்ந்து கணக்குப் போடாமல் பஸ் ஏறாதீர்கள். நியமனக் கடிதத்தில் உங்களைப் பயிலுநர் என்று எழுதியிருக்கிறார்களா, ஊழியர் என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஊழியர் என்றால் சேமலாப நிதிக்கு உங்கள் 8 சதவீதமும் நிறுவனத்தின் 12 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனத்தின் 3 சதவீதமும் போக வேண்டும். வேலையில் காயப்பட்டால் மருத்துவச் செலவும் நட்டஈடும் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கட்டும். பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் விடுதியையும் ஷிப்ட் நேரத்தையும் நேரில் போய்ப் பார்த்துக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மைக்றோமீற்றருக்கு ஆண் பெண் தெரியாது. பட்டம் இல்லாமல் போய்விடுமோ என்று அஞ்சுபவர்கள், இரத்மலானையில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் என்.வி.கியூ ஐந்தாம், ஆறாம் மட்டத்தினருக்குப் பட்டப் படிப்பின் கதவைத் திறந்துவைத்திருப்பதை அறிந்துகொள்ளட்டும். சுற்றுவழிதான், ஆனால் வழி இருக்கிறது.

ஒப்பந்தத்தைப் பெறும் நாளில் எல்லோரும் அவசரப்படுத்துவார்கள்; வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். பயிற்சித் திட்டத்தின் பிரதி, பயிற்சிக் காலம், கொடுப்பனவு, என்.வி.கியூ மட்டம், இடையில் விலகினால் எவ்வளவு பணம் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஆகிய எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்ப் பிரதி கேளுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு, வாசித்து விளக்கக்கூடிய ஆசிரியரிடமோ நைட்டாவின் மாவட்ட அலுவலகத்திடமோ கொண்டுபோங்கள். புரியாத ஒரு வரிகூட மிச்சமில்லாதபோது கையெழுத்துப் போடுங்கள்.